பன்றி வெட்டுகிற வீட்டில் ரத்தம்

கழுத்தில் குத்திய கத்தியோடு எழுந்து ஓடிய பன்றி நேராக வந்து உடைத்தது என் வேலியைத்தான். ஊரில் வேறு வேலியே இல்லாத மாதிரி. இரண்டு பலகை முறிந்து விழுந்தது, என் முட்டைக்கோசுப் பாத்தி நாசமாயிற்று, உறைபனி மேலெல்லாம் ரத்தம் தெறித்தது. நான் கையில் அலுமினியச் சட்டியோடு நின்றுகொண்டிருந்தேன். கழுத்திலிருந்து ஒழுகும் ரத்தத்தைப் பிடிப்பதுதான் அன்றைக்கு என் முதல் வேலை. பிடிக்கிற இடத்தில் பன்றி இல்லை.

ட்ராகோதான் பாய்ந்து அதன் பின்னங்காலைப் பிடித்து, மார்பை அதன் முதுகில் போட்டு அமுக்கி, கத்தியைப் பிடுங்கி மறுபடி சரியான இடத்தில் இறக்கினான். அது செத்து முடிக்க வெகுநேரம் பிடித்தது. அந்த அலறலை ஊர்க் கோடி வரை கேட்டிருப்பார்கள்.

குத்தினவன் வேத்ரன். பக்கத்து வீட்டு இலியாவின் ஒரே மகன், முப்பத்திரண்டு வயது. சாவா ஆற்றின் வடகரையில் எங்கள் ஸ்லவோனியச் சமவெளியில் அந்த வயதில் அவனைப் போல் சுத்தமாகப் பன்றி குத்துகிறவன் கிடையாது. ஒரே குத்து, பன்றிக்கே தெரியாது என்று சொல்வார்கள். நவம்பர் கடைசியில் அந்திரேயா திருநாள் வந்து பனி இறுகிவிட்டால் கிறிஸ்துமஸ் வரை ஒவ்வொரு வீடாகக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். அப்படிப்பட்டவன் சொந்த வீட்டுப் பன்றியைத் தப்ப விட்டான்.

அவன் முற்றத்து நடுவில் முழங்காலைக் கட்டிப் பிடித்தபடி குத்தவைத்திருந்தான். மூச்சு வாங்கியது. இலியா போன வேகத்தில் அவன் கன்னத்தில் ஓர் அறை விட்டார். நெற்றி போய்ச் சுடுதண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் இடித்தது.

"கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு? முப்பது வருசமா இந்த முத்தத்துல பன்னி வெட்டுறேன். ஒண்ணாவது எந்திரிச்சு ஓடியிருக்கா?"

"கை நழுவிருச்சுப்பா."

"கை நழுவுதோ! ராவெல்லாம் குடிச்சா நழுவாம என்ன செய்யும்?"

"குடிக்கல."

"அப்ப எதுக்குடா மூஞ்சி சுண்ணாம்பு அடிச்ச செவுரு மாதிரி இருக்கு?"

ட்ராகோ ரத்தக் கையைப் பனியில் தேய்த்துக்கொண்டே சிரித்தான். அவனும் பன்றி குத்துகிறவன்தான், அடுத்த தெரு. வேத்ரனுக்கு முந்தி ஊரெல்லாம் அவனைத்தான் கூப்பிட்டது. அந்த எரிச்சல் அவனுக்கு இன்னும் ஆறவில்லை.

"விடு இலியா. பையன் ராத்திரி பொண்டாட்டியோட மல்லுக்கட்டியிருப்பான். பன்னியோட மல்லுக்கட்டத் தெம்புக்கு எங்க போவான்?"

வேத்ரன் எழுந்தான். எழுந்த வேகத்திலேயே குடல் கிழிக்கிற சின்னக் கத்தியைப் பலகையிலிருந்து எடுத்துவிட்டான். "இன்னொரு தடவை சொல்லு," என்றான். ட்ராகோ சொல்லவும் செய்தான். கத்தி அவனுடைய ஏப்ரனைக் கிழித்து இடுப்புப் பட்டையில் சிக்கி நின்றது. கொஞ்சம் தள்ளியிருந்தால் அன்றைக்கு முற்றத்தில் இரண்டு உருப்படி தொங்கியிருக்கும். ட்ராகோ அவன் மூக்கில் ஒரு குத்து விட்டான். இலியா இருவரையும் விறகுக்கட்டையால் வகைதொகை இல்லாமல் சாத்தினார். நான் என் பங்குக்கு ஒரு வாளி தண்ணீரை மூன்று பேர் மேலும் ஊற்றினேன். அப்புறம்தான் அந்த மூன்று நாய்களும் விலகின.

இதெல்லாம் எங்களுக்குப் புதிதில்லை. பன்றி வெட்டு என்றால் ஒரு கண்ணாவது வீங்கும். எல்லோர் கையிலும் கத்தி, எல்லோர் வயிற்றிலும் விடியலிலேயே பிளம் சாராயம். ஆனால் வேத்ரன் முன்பெல்லாம் ஒரு குத்துக்கு விழுகிற ஆள் இல்லை. அன்றைக்கு விழுந்தான். மூக்கு ரத்தம் வழிய எழுந்து, துடைக்காமலே வேலையைப் பார்த்தான். ஏற்கெனவே கழுத்திலிருந்து முழங்கால் வரை பன்றி ரத்தம். யார் ரத்தம் எது என்று யாருக்குத் தெரியும்?

பன்றியைத் தொட்டியில் போட்டுக் கொதிநீர் ஊற்றி, சங்கிலியால் உருட்டி, மயிர் சுரண்டி, பின்னங்காலில் கட்டித் தூக்கினார்கள். தூக்கும்போது வேத்ரனின் பக்கம் தாழ்ந்தே இருந்தது. இலியா பல்லைக் கடித்துக்கொண்டு தன் பக்கத்தை இறக்கிக் கொடுத்தார். வயிற்றைக் கிழித்ததும் குடல் ஆவியோடு சரிந்து என் தொட்டியில் விழுந்தது. அதற்கப்புறம் அது என் சாம்ராஜ்யம். குடல் கழுவுவது நானும் யாஸ்னாவும்தான், அவள் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த நாளிலிருந்து.

யாஸ்னா ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை செய்கிறாள். சின்ன உடம்பு, பெரிய வாய். அன்றைக்கு அந்த வாயைத் திறக்கவே இல்லை. வெந்நீரும் உப்பும் வினிகரும் போட்டுக் குடலைத் திருப்பித் திருப்பிக் கழுவினோம். பைக்குடலை நான் தனியாக எடுத்து வைத்தேன். பன்றிக்கு அது ஒன்றே ஒன்றுதான். அதில்தான் இறைச்சியும் சிவப்பு மிளகாய்ப் பொடியும் பூண்டும் திணித்து, புகையில் தொங்கவிட்டுக் குலென் செய்வோம். அது கிழிந்தால் இலியா கொலையே செய்வார்.

"என்னடி, ஊமையாயிட்டே? புருசன் அடிவாங்கினதுக்கா? ட்ராகோ மூக்கை நாளைக்கு நீயே ஒடச்சுக்க."

அவள் குடலைத் தண்ணீருக்குள் விட்டுவிட்டுக் கொட்டகைப் பக்கம் பார்த்தாள். ஆண்கள் அங்கே இறைச்சி அறுத்துக்கொண்டிருந்தார்கள்.

"ரேஸாக்கா, அவனுக்கு ரத்தம் போகுது."

"மூக்குலதானே? நின்னுரும்."

"மூக்குல இல்ல. வெளிக்கிப் போகும்போது."

நான் கையை நிறுத்தவில்லை. "மூலமா இருக்கும். பன்னியைத் தூக்குற எல்லாருக்கும் உள்ளதுதான்."

"அவனும் அதான் சொல்றான். போன வருசம் பன்னி வெட்டு முடிஞ்ச வாரம் ரத்தம் போச்சுன்னு சொன்னான். ரத்தம் அடைச்ச குடல் அவ்வளவு தின்னிருக்கே, வேற எப்படிப் போகும்னு நானே சிரிச்சேன். அவன் ஜட்டியில ரத்தம் இருந்துச்சு. குளிர்காலம் பூரா அவன் துணியில ரத்தம் இல்லாம என்னைக்கு இருந்துச்சு, சொல்லுங்க? எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டுத் தொவச்சேன். அப்புறம் ஆகஸ்ட் மாசம் தொவைக்கிறேன், அப்பவும் ரத்தம். அப்பத்தான் தலையில அடிச்ச மாதிரி இருந்துச்சு. ஆகஸ்ட்ல யாரு பன்னி வெட்டுறா, அக்கா?"

அப்போது நானும் கையை நிறுத்தினேன்.

"டாக்டர்கிட்டப் போகலையா?"

"இழுத்துட்டுப் போனேன். பேண்டைக்கூட இறக்கச் சொல்லல. வயசு என்னன்னு கேட்டாரு, மூலம்னு சொன்னாரு, களிம்பு குடுத்தாரு. களிம்பு மூணு டியூப் தீந்துபோச்சு. ஒரு வாரம் மலம் போகாது, மறுவாரம் வேலியைத் தாண்டுறதுக்குள்ள கக்கூசுக்குத் திரும்பி ஓடி வர்றான். போறதும் பென்சில் மாதிரி மெலிசாப் போகுது. வயித்தைப் பிடிச்சிட்டு ராத்திரி உக்காந்திருக்கான். பெல்ட்டுல ஆணி வச்சு ரெண்டு ஓட்டை புதுசாப் போட்டான். மாமா கேட்டா, கல்யாணத்துக்கு முன்னாடி இருந்த இடுப்பு திரும்பி வந்துருச்சுங்கறான். அவரும் சிரிக்கிறாரு."

எனக்குக் கோபம்தான் வந்தது. அவள் மேல், அந்த டாக்டர் மேல், குடல் நாற்றம் மேல். "இதை இப்பவா சொல்ற? இலியாகிட்டச் சொல்லலாமில்ல?"

"சொன்னா என்னைக் கொன்னுருவான். அப்பா காதுல போட்டே, அன்னைக்கே நீ உங்க அம்மா வீட்டுக்குன்னு சத்தியமே பண்ணிட்டான்." குரலை இன்னும் தாழ்த்தினாள். "அதான் வேற ஒண்ணு செஞ்சேன். மாமாவுக்குத் தபால்ல ஒரு டப்பா வந்துச்சே, ஞாபகம் இருக்கா?"

இல்லாமல்? இலியா அதை ஊர் பூராவும் காட்டிச் சிரித்தவராயிற்றே. ஐம்பது வயது தாண்டினவர்களுக்கெல்லாம் அரசாங்கம் அனுப்புகிற டப்பா. மலத்தைக் கொஞ்சம் எடுத்து வைத்து அனுப்பினால் ரத்தம் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வார்கள். "ரேஸா, தெரியுமா? ஜாக்ரெப்ல இருக்கற சர்க்கார்காரங்க என் பீயைக் கேக்குறாங்க! நெலத்தை அளந்தாங்க, பன்னியை எண்ணினாங்க, இப்ப இதுக்கும் வந்துட்டாங்க!" என்று வேலியில் சாய்ந்து நின்று கத்தினார். அப்புறம் அதை அடுப்பு விறகோடு எறிந்துவிட்டார்.

"வெறகுலருந்து நான் எடுத்து வச்சேன். அவனோடதை அதுல வச்சு, மாமா பேருல அனுப்பிட்டேன்."

"அவனோடதை எப்படிடி எடுத்தே?"

"பம்பை அணைச்சிட்டு, தண்ணி வரல, நான் அப்புறம் வாளியில ஊத்திக்கிறேன்னு சொன்னேன். மூணு தடவை. அதுக்கு முன்னாடியே கறியைக் கண்ணுல காட்டல. உருளைக்கிழங்கும் பீன்ஸும் மட்டும்தான். அப்புறம் கறி தின்னதுனாலதான்னு யாரும் சொல்லக் கூடாதில்ல."

எங்கள் பக்கத்துக் கழிவறைப் பீங்கானில் தண்ணீருக்கு மேலே ஒரு தட்டு உண்டு. விழுந்தது அதிலேயே கிடக்கும். காலையில் என்ன போயிற்று என்று பார்க்கத்தான் அதை அப்படிச் செய்தார்கள். யாரும் பார்ப்பதில்லை. இவள் பார்த்திருக்கிறாள். பெண்ணே, உனக்குக் கோயில் கட்டலாம் என்று தோன்றியது. ஆனால் நான் வாயால் சொன்னது, "குடலைப் பாரு, ஆறிடப் போகுது," என்றுதான்.

மதியத்துக்கு ஈரலைக் கொழுப்பில் வறுத்து, வெங்காயம் போட்டு, கொட்டகை மேசையில் வைத்தோம். கொப்பரையில் கொழுப்பு பொரிந்துகொண்டிருந்தது. முதல் தட்டு குத்தினவனுக்குத்தான் போகும். இலியா மகனைத் தாண்டி அதை ட்ராகோ முன்னால் வைத்தார். வேத்ரன் அதைப் பார்த்துவிட்டு ரொட்டியை மட்டும் பிய்த்துக்கொண்டிருந்தான். உதடு வீங்கியிருந்தது, மூக்கில் காய்ந்த ரத்தம்.

அப்போது இலியாவின் சட்டைப் பையில் போன் அடித்தது. இரண்டு கையும் கொழுப்பு. "எடுத்து மேசையில வை, சத்தமா வை," என்றார். ட்ராகோ எடுத்து ஸ்பீக்கரில் போட்டான்.

ஒரு பெண் குரல். மாவட்டச் சுகாதார ஆபீசிலிருந்து பேசுவதாகச் சொன்னது. இலியாதானா என்று பேரைக் கேட்டு, பிறந்த வருடத்தைக் கேட்டு, தனியாகப் பேசலாமா என்றும் கேட்டது.

"பேசும்மா, பேசு. இங்க எல்லாம் நம்ம ஆளுங்கதான். ஒரு பன்னியும் இருக்கு, அது செத்துப்போச்சு."

ட்ராகோ மேசையைத் தட்டிச் சிரித்தான். யாஸ்னா என் முழங்கையைப் பிடித்தாள். நகம் இறங்கியது.

"நீங்க அனுப்பின மூணு மாதிரியிலயும் ரத்தம் இருக்குங்க. உடனே புத்துநோய்னு நெனச்சுப் பயப்படாதீங்க, வேற காரணமும் இருக்கலாம். ஆனா குழாய் விட்டுப் பெருங்குடலைப் பாத்தே ஆகணும். தள்ளிப் போடாதீங்க."

"நான் எதையும் அனுப்பலையேம்மா."

"உங்க பேருதாங்க இருக்கு. உங்க நம்பர்தான்."

"எவன் பீயையோ என் தலையில கட்டப் பாக்குறீங்களா? அந்த டப்பாவை நான் அடுப்புல போட்டு ரொம்ப நாளாச்சு!"

அந்தப் பெண் இன்னும் ஏதோ சொன்னாள். சிரிப்புச் சத்தத்தில் கேட்கவில்லை. ட்ராகோ போனை அணைத்தான். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். வேத்ரனும் சிரித்தான், காலையிலிருந்து முதல் தடவையாக.

"அப்ப யாரோட பீ அது?" என்றான் ட்ராகோ. "எவனோ ஒரு பாவிக்குக் குடல் அழுகிக் கெடக்கு. அவன் வீட்டுல உக்காந்து நிம்மதியா ஈரல் தின்னுட்டிருப்பான். உனக்கு வந்த போன் அவனுக்கு வராது. அவன் போய்ச் சேந்துருவான், இலியா, உன் பேருல!"

பன்றி வெட்டு மேசையில், செத்துப்போனவர்கள் நினைவாக ஒரு மடக்கு ஊற்றுவது வழக்கம். இலியா கையைத் துடைத்துக்கொண்டு புட்டியை எடுத்தார். நல்ல மனநிலைக்கு வந்துவிட்டார். காலைக் கோபத்தை மறந்து மகனுக்கும் ஊற்றினார்.

"அந்தப் பேர் தெரியாத பாவிக்கு," என்று எழுந்து நின்றார். "கடவுள் அவனுக்கு லேசான சாவைக் குடுக்கட்டும்."

"குடுக்கட்டும்," என்று சொல்லி வேத்ரனும் கோப்பையைத் தூக்கினான்.

யாஸ்னா என் கையை விட்டுவிட்டுப் போய், அந்தக் கோப்பையை அவன் வாயிலிருந்து தட்டிவிட்டாள். அது கொப்பரையில் பட்டு உடைந்தது.

"அது இவன்தான் மாமா! டப்பாவுல வச்சு அனுப்பினது நான். அது உங்க பையனோடது!"

வேத்ரன் அவளை அடித்தான். கை மடக்கித்தான் அடித்தான். அவள் மேசையோடு சாய்ந்தாள், ஈரல் சட்டி அவள் மேல் கவிழ்ந்தது. "என் பீயை எடுத்தியாடி? அள்ளி டப்பாவுல அடைச்சுத் தபால்ல போட்டியா? ஊரு சிரிக்கவா?" என்று மறுபடி காலைத் தூக்கினான். நான் கொழுப்புக் கரண்டியால் அவன் முதுகில் போட்டேன். சூட்டோடுதான் போட்டேன். அதற்கு இன்றைக்கும் வருத்தப்படவில்லை.

யாஸ்னா வாயிலிருந்து ரத்தத்தைத் துப்பினாள். "அடி. நல்லா அடி. ஆனா ஆகஸ்ட்ல யாரு பன்னி வெட்டினது, சொல்லு. உங்கப்பா முன்னாடி சொல்லு."

இலியா இன்னும் கோப்பையோடுதான் நின்றுகொண்டிருந்தார். "எவ்வளவு நாளாடா?"

"மூலம்பா. டாக்டரே சொன்னாரு."

"எவ்வளவு நாளான்னு கேட்டேன்."

"போன பன்னி வெட்டுலருந்து."

இலியா கோப்பையை மேசையில் வைத்தார். "வண்டியில ஏறு."

"பன்னி பாதியில கெடக்கு. இன்னும் கறி அரைக்கல, குலென் அடைக்கல."

"ஏறுடா."

"மாட்டேன். எவனும் எனக்குப் பின்னாடி குழாய் விட வேண்டாம். நான் என்ன கெழவனா? அது கெழவங்களுக்கு வர்ற சீக்கு. டப்பா உங்களுக்குத்தான் வந்துச்சு, எனக்கு வரல!" கசாப்புக் கத்தி அவன் கைக்கு எப்படி வந்தது என்று நான் பார்க்கவில்லை. "கிட்ட வராதீங்கப்பா. குத்திருவேன். காலையில ஊர் முன்னாடி அறைஞ்சீங்க, போதும்."

இலியா நடந்துகொண்டே இருந்தார். கத்தியை அவர் பார்த்ததாகவே தெரியவில்லை. வேத்ரன் வீசினான். அவருடைய முழங்கைச் சதை கிழிந்தது. அவர் அந்தக் கையாலேயே அவன் முகத்தில் குத்தினார், அப்புறம் வயிற்றில், அப்புறம் வயிறு என்று நினைவு வந்தது போல் கையை மாற்றித் தோளில். இருவரும் முற்றத்துச் சேற்றில் உருண்டார்கள். ட்ராகோ பாய்ந்து வேத்ரனின் மணிக்கட்டை மிதித்துக் கத்தியைப் பறித்தான். அவன் கடித்தான், உதைத்தான், தன் அப்பனை நான் கேட்டே இராத வசவெல்லாம் வைதான். இலியா அவன் இடுப்பைப் பிடித்துப் புரட்டி, பன்றியைத் தொட்டிக்குத் தூக்குகிற மாதிரி மூச்சைப் பிடித்து, காலை அகட்டி, முழுப் பலத்தையும் போட்டுத் தூக்கினார்.

போட்ட பலம் அதிகமாகிவிட்டது. பின்னால் சாய்ந்து விழப் பார்த்தார்.

மகன் அவர் கையில் இருந்தான். அறுபது தாண்டிய மனிதர், ஒரு கையில் ரத்தம் ஒழுக, முப்பத்திரண்டு வயது மகனைச் சும்மா தூக்கி வைத்திருந்தார். சட்டை மேலேறி, விலா எலும்பெல்லாம் தெரிந்தது. ஆணியால் ஓட்டை போட்ட பெல்ட்டின் நுனி தொங்கியது. இலியா ஒருமுறை அவனை மேலே ஏற்றிப் பிடித்துப் பார்த்தார். கனம் பார்க்கிறார் என்று எனக்குப் புரிந்தது. உயிரோடு இருக்கும் பன்றியைக் கையால் தடவிப் பார்த்தே எத்தனை கிலோ என்று சொல்கிற மனிதர் அவர். பெற்ற பிள்ளையை ஒரு வருடமாகத் தொட்டுப் பார்க்கவில்லை.

"எப்படா இவ்வளவு லேசானே?" என்றார்.

வேத்ரன் திமிறவில்லை. அப்பாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, சின்னப் பையன்கூட வெட்கப்படுகிற மாதிரிச் சத்தம் போட்டு அழுதான். "பயமா இருக்குப்பா. எனக்குத் தெரியும்பா. பயத்துலதான் சொல்லல." யாஸ்னா சேற்றில் மண்டியிட்டு அவனுடைய பூட்ஸைப் பிடித்துக்கொண்டாள். எனக்கும் கண் நிறைந்துவிட்டது, ஒத்துக்கொள்கிறேன்.

ட்ராகோ தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான். என்ன செய்வதென்று தெரியாமல், கடைசியில் போய் வேனை முற்றத்துக்குள் கொண்டுவந்து கதவைத் திறந்துவிட்டான். "பன்னியை நான் பாத்துக்கிறேன், இலியா. நீ போ," என்றான். அவன் குரலில் காலையில் இருந்த எதுவும் இல்லை.

இலியா மகனை வேன் பக்கத்தில் இறக்கினார். வேத்ரன் தன்னையே குனிந்து பார்த்தான். முகம், கழுத்து, சட்டை, கை, எல்லாம் சிவப்பு.

"இப்படியே எப்படிப்பா ஆஸ்பத்திரிக்கு வர்றது? உடம்பெல்லாம் ரத்தம். கழுவிட்டு வர்றேன்."

இலியா அவன் முதுகில் கையை வைத்துத் தள்ளினார். மெதுவாகத்தான் தள்ளினார்.

"அது பன்னியோடதுடா. கழுவினாப் போயிரும். ஏறு."

அவன் ஏறினான்.